மாநிலம் எதிர் பத்தொன்பதாயிரத்து அறுநூறு டாலர்

கூண்டில் நான் இல்லை.
வழக்குக் கட்டின் முகப்பில் என் பெயரே இல்லை.
பிரதிவாதி என் பணம்தான்:
ரப்பர் பட்டை போட்ட நான்கு கட்டுகள்,
மேலே பென்சிலால் லோர்னா
‘பேலர்’ என்று எழுதிய காக்கிக் கவர்.
அது வாய் திறந்து
தான் நிரபராதி என்று சொல்ல வேண்டுமாம்.

பதினொரு கிடாரிகளை விற்ற காசு.
ரொக்கம் என்றால் ஆயிரம் குறைக்கிறேன் என்றான்
வைக்கோல் கட்டும் இயந்திரத்தை விற்ற அமரில்லோக்காரன்.
ஓக்லஹோமாவைத் தாண்டவில்லை.
என் சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டுவிட்டதாம்.
பக்கக் காற்று கதவை உதைக்கும் மார்ச் மாதத்தில்
எந்தச் சக்கரம் தொடாமல் போகும்?
நாய் வந்தது. டிரக்கை ஒரு சுற்றுச் சுற்றி
என் பூட்ஸில் காய்ந்த சாணத்தை முகர்ந்து
உட்கார்ந்தது.
நாய் உட்கார்ந்தால் போதும்,
சட்டம் எழுந்து நின்றுவிடுகிறது.

கைவிலங்கு இல்லை. கைது இல்லை.
அபராதச் சீட்டுகூட இல்லை.
மஞ்சள் நகல் ஒன்றைக் கொடுத்து
பத்திரமாக ஓட்டிப் போங்க சார் என்றான்.
காலி டிரெய்லர் வீடு வரைக்கும்
கடகடவென்று சிரித்துக்கொண்டே வந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.
ஷெரிஃப் வேட் டாலிவருக்கு இரண்டு முறை ஓட்டுப் போட்டவன் நான்.
அவன் பெயர்ப் பலகை என் தபால் பெட்டிக்குப் பக்கத்தில்
கம்பி வளைந்து இன்னும் நிற்கிறது.
வாஷிங்டனைத் திட்டித் தீர்த்த கூட்டங்களில்
மடக்கு நாற்காலிகளை அடுக்கியவன்.
என் குட்டையை ஈரநிலம் என்று அளக்க வந்தவர்களை,
குளியலறைக் குழாய்க்கும் விதி எழுதுகிறவர்களை,
பெரிய அரசு என்றேன்.
அது எங்கோ பளிங்குப் படிக்கட்டில்
டை கட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைத்தேன்.
எங்கள் ஊர் இழுவையில் பேசும் என்றோ,
சர்ச்சில் எனக்கு மூன்று வரிசை முன்னால்
கண் மூடிப் பாடும் என்றோ நினைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு.
டல்சாவில் ஒரு கறுப்பினப் பையனிடம்
இப்படித்தான் பிடுங்கினார்கள் என்று டிவியில் வந்த இரவு,
‘ஏதாவது செய்திருப்பான்’ என்று சொல்லிவிட்டு
கிரேவிக் கிண்ணத்தை எட்டி எடுத்தவனும் நான்.

வக்கீல் ரூதான் ஃபைஃபர் கணக்குப் போட்டாள்.
மீட்கப் பதினான்காயிரம் செலவாகும்.
எதிர்த் தரப்போ போனில் தேன்:
பாதியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்,
எல்லோரும் அப்படித்தான்.
மறுபாதி எங்கே போகும் என்றேன்.
துறைக்கு, என்றார். ரேடியோக்கள். நாய்க்குக் குளிர்சாதனம்.

வேலியே பயிரை மேய்ந்தது;
மாட்டைக் கட்டிப்போடத் தெரிந்த எனக்கு
வேலியை எதில் கட்டுவது என்று தெரியவில்லை.

லோர்னா பேனாவை நீட்டினாள்.
நான் மூடியைத் திறப்பதற்குள்
அவளே பிடுங்கி அலமாரியில் போட்டாள்.
இரவு உணவின்போது யாரும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை. எழுத்தர் கூப்பிட்டாள்:
பத்தொன்பதாயிரத்து அறுநூறு டாலர்,
ஆஜராகியிருக்கிறதா?
ஒருவரும் சிரிக்கவில்லை.
கூப்பிடாமலே எழுந்தேன், தொப்பி கையில்.
நீங்கள் யார் என்றார் நீதிபதி.
அதற்குச் சொந்தக்காரன்.
நிரூபியுங்கள்.

சட்டைப் பையில் சந்தை ரசீது
வியர்வையில் ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது.
அதில் பதினொரு காதுப் பட்டை எண்கள்.
கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

நானூற்றுப் பன்னிரண்டு, என்றேன்.
நெற்றியில் வெள்ளை. கூட்டத்தை விட்டு
எப்போதும் தனியாக மேயும்.